சனியின் வளையம் மெலியும் மாதம்

அக்டோபர் 5, ஞாயிறு

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் என் கையைப் பிடித்துப் பாராட்டியவர்களுக்கும், வானியல் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் கைகூப்பும் படம் போட்ட அத்தனை பேருக்கும் இது பொருந்தும். நான் என் தொலைநோக்கியைச் சங்கத்துக்குக் கொடுக்கவில்லை. கொடுப்பதாக யாரிடமும் சொல்லவுமில்லை.

'ஜெசிந்தா டீச்சர் மறைந்த தம் கணவர் ராயப்பன் அவர்களின் தொலைநோக்கியை அவர் நினைவாக வழங்குகிறார்' என்ற அறிவிப்பில் இன்னொரு பிழையும் இருக்கிறது. அது அவருடைய தொலைநோக்கி அல்ல. நான்கு அங்குல லென்ஸை ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் நான் கல்கத்தாவிலிருந்து வரவழைத்தேன். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அந்த லென்ஸுக்கு ஒரு பித்தளைக் குழாயும், குழாயைத் தாங்கித் திருப்பும் மவுண்ட்டும், அதற்குக் கீழே டிரைபாட்டும் தூத்துக்குடிப் பட்டறையில் கடைந்து கொண்டுவந்தவர் அவர். கண் உன்னுடையது, கழுத்தும் காலும் என்னுடையது என்பார். அந்த அளவுக்கு அவருக்கும் பங்கு உண்டு.

அறிவிப்பைப் போட்டவர் சங்கச் செயலாளர் தளவாய். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். லென்ஸுக்குப் பதில் கண்ணாடி வைத்த தொலைநோக்கி வைத்திருக்கிறார், தண்ணீர் டிரம் பருமனில். நான் அதை வாளி என்பேன். என்னுடையதை அவர் உலக்கை என்பார். அந்த உரிமை எங்களுக்குள் உண்டு. பொய் சொல்லும் உரிமை கிடையாது.

புதிய பங்குச்சாமியார் இன்றும் வாய்க்குள்ளேயே பிரசங்கம் வைத்தார். இளம் பாதிரிகளுக்கு உச்சரிப்பு சொல்லித்தருவதை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

தளவாய் வந்தார். அழைப்புமணி மறுபடி பழுது. எவ்வளவு நேரம் வாசலில் நின்றாரோ தெரியவில்லை. வேலைக்கு வந்த இசக்கிதான் அவரை உள்ளே கூட்டிவந்தாள்.

"மணி நல்லாத்தாம்மா அடிக்கி. தெருவே திரும்பிப் பாக்கு" என்றாள் என் முகத்துக்கு நேரே வந்து. அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு.

தளவாயின் மீசை உதடு இரண்டையும் மூடி வளர்ந்திருக்கிறது. பேசும்போது வாய் தெரியவேண்டும் என்பது குறைந்தபட்ச மரியாதை. எங்கள் கன்னியர் மடப் பள்ளியில் சிஸ்டர் இம்மாகுலேட் வாயை மூடிப் பேசுகிறவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்துவார். இசக்கி என் பக்கத்தில் நின்று, அவர் சொல்வதை எல்லாம் உரக்கத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஏவவில்லை. அவளாகவே செய்தாள்.

"போன்ல ரெண்டு தடவ விவரமா கேட்டாவளாம். சரி, சரி, ரொம்ப சந்தோஷம்னு சொன்னியளாம்."

"நான் சொல்லல."

"அப்ப உங்க குரல்ல வேற யாரு பேசுனதுன்னு கேக்காவ."

"வாளிக்காரருக்கு லென்ஸ் மேல கண்ணு. அத நேராச் சொல்லச் சொல்லு."

தளவாய் சிரித்துவிட்டார். மீசை ஆடியது. இசக்கியும் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: "உலக்கையக் கொண்டுபோயி நான் என்ன நெல்லா குத்தப் போறேன்னு சொல்லுதாவ."

விஷயம் சிரிப்பில் முடியவில்லை. நவம்பர் பதினாறாம் தேதி ஒரு பெண்கள் பள்ளி அரங்கில் விழா. அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. நான் வேண்டாம் என்றால் கமிட்டிக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், நிறுத்திவிடுவாராம்.

"சொல்லாத ஒண்ணுக்கு நான் எதுக்கு மறுப்பு எழுதணும்? நீங்க தப்பா அறிவிச்சதா நீங்க எழுதுங்க" என்றேன்.

அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். டம்ளரின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார். அது அவர் வழக்கமில்லை.

அக்டோபர் 8, புதன்

மாடிக்குப் போய் மவுண்ட்டின் மேல் போட்டிருக்கும் தார்ப்பாயை நீக்கித் துடைத்து எண்ணெய் விட்டேன். டிரைபாட்டும் மவுண்ட்டும் எப்போதும் மாடியிலேயே நிற்கும். குழாய் மட்டும் படியேறியதும் இருக்கும் சிறு அறையில், கம்பளி சுற்றி.

இசக்கி என்ன திடீரென்று என்றாள். சனிக்கிரகத்தைப் பார்க்கவேண்டும் என்றேன்.

"சனியவா? அவம் நம்மளப் பாத்தாலே ஆவாதுன்னு எள்ளு தீவம் போட்டுக்கிட்டுத் திரியிதோம். நீங்க போயி அவனப் பாக்கணுமாக்கும்!"

அவளுக்குப் புரியும்படி ஒரு தட்டை எடுத்துக் காட்டினேன். தட்டைச் சாய்த்துப் பிடித்தால் வட்டம் தெரியும். கண்ணுக்கு நேராகப் படுக்கவைத்தால் ஒரு கோடுதான். சனியின் வளையமும் அப்படித்தான். சுமார் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை நமக்கு விளிம்பைக் காட்டும். மார்ச்சில் காட்டியபோது சனி சூரியனோடு இருந்தது, யாருக்கும் பயனில்லை. இந்த நவம்பர் கடைசியில் மறுபடி மயிரிழையாக மெலியும். மாலை ஏழு மணிக்கு, நல்ல உயரத்தில், எல்லாரும் பார்க்கும்படி.

போன சுற்றிலும் சூரியனே மறைத்தது. அதற்கு முந்தின சுற்று தொண்ணூற்றைந்தில். அவரும் நானும் மாறி மாறிப் பார்த்தோம். கிரகத்தின் மேல் யாரோ ஊசியைக் குத்தி மறுபக்கம் எடுத்ததுபோல் இருந்தது. அடுத்த சுற்றில் எனக்குத் தொண்ணூறு வயது. கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. இதுதான் எனக்கு மிச்சமிருப்பது.

"தட்ட கீழ வைங்கம்மா, சோறு போடணும்" என்றாள் இசக்கி.

அக்டோபர் 10, வெள்ளி

மகள் நிர்மலா பெங்களூரிலிருந்து செய்தி அனுப்பியிருக்கிறாள். ஒன்றரை ஆண்டாக அப்பாவை நினைத்துத்தான் தொலைநோக்கியைத் தொடாமல் இருக்கிறேனாம். இதையும் திருத்தவேண்டும். துக்கம் வேறு, குழாயின் எடை வேறு.

நீளமான லென்ஸ் தொலைநோக்கியை ஒரே ஆள் ஏற்ற முடியாது. அதன் முறை இது. முதலில் மவுண்ட்டின் தண்டில் எதிர்எடையை மாட்டவேண்டும். அதற்குப் பிறகே குழாய். ஒருவர் குழாயைக் கட்டிப்பிடித்துத் தூக்கி மவுண்ட்டின் பிடிவளையத்தில் வைத்துத் தாங்குவார். மற்றவர் திருகை இறுக்குவார். இறக்கும்போது தலைகீழ்: குழாய் முதலில், எதிர்எடை கடைசியில். மாற்றிச் செய்தால் குழாய் தராசுத்தட்டு போலச் சரிந்து விழும். சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

எங்கள் வீட்டில் தாங்குவது நான், திருகுவது அவர். தாங்குகிறவருக்கு எதிரே நிற்பவர் முகம் தெரியாது. கன்னம் பித்தளையோடு ஒட்டியிருக்கும். ஆகவே திருகு இறுகியதும் அவர் குரல் கொடுப்பார்: "ஆச்சு ஜெசி." அதுவரை கையை எடுக்கக் கூடாது. கடைசி மூன்று நான்கு ஆண்டுகளில் அவர் அதைக் கத்திச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதற்கு இப்படிக் கத்துகிறீர்கள், ஏலம் போடுகிறீர்களா என்று கடிந்துகொண்டேன். மறுநாளிலிருந்து கத்துவதை நிறுத்திவிட்டு, சுற்றி வந்து என் முழங்கையைத் தொட்டார். பிறகு எப்போதும் அப்படித்தான்.

சங்கத்தில் யாரையாவது உதவிக்குக் கூப்பிடக் கூடாதா என்கிறாள் நிர்மலா. இருட்டில் வேற்று ஆட்களோடு வேலை செய்ய எனக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான்.

அந்த மற்ற விஷயத்தைப் பற்றியும் மறுபடி எழுதியிருக்கிறாள். போன முறை அவள் வாங்கிவைத்துவிட்டுப் போன சிறிய பெட்டி அலமாரியில் அப்படியே இருக்கிறது. ஒருநாள் போட்டுப் பார்த்தேன். மின்விசிறி ரயில் மாதிரி ஓடியது, என் புடவையே காகிதம் மாதிரி கசங்கியது. பதில் எழுதவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

பருப்பு தீய்ந்துவிட்டது. இந்த குக்கர் விசில் அடிப்பதே இல்லை. வெயிட் வால்வு மாற்றவேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

மேகம்.

அக்டோபர் 18, சனி

மேகம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று பத்திரிகையில் போட்டிருக்கிறான். நவம்பரில் பாளையங்கோட்டையில் தெளிந்த வானத்தை எதிர்பார்ப்பவள் நான் ஒருத்திதான் இருப்பேன். ஆனால் மழைக்கு நடுவில் ஒரு மாலை கழுவிவிட்டதுபோல் கிடைக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் குழாய் அப்போதே மவுண்ட்டில் இருக்கவேண்டும். ஆளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அக்டோபர் 22, புதன்

இடது கண்புருவத்தின் மேல் சிறிய கீறல். அதைப் பற்றிப் பிறகு.

மதியத்துக்கு மேல் வானம் விட்டது. இஸ்திரி மேசையை மாடிக்கு இழுத்துவந்து மவுண்ட்டின் அருகில் போட்டேன். அதன்மேல் தலையணைகள். குழாயைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் அதில் கிடத்தி, எதிர்எடையை முறைப்படி முதலில் மாட்டி, குழாயை அங்குலம் அங்குலமாக வளையத்துக்குள் தள்ளினேன். ஒரு கையால் தாங்கி மறு கையால் திருகினேன். ஏறிவிட்டது! யாருடைய தயவும் இல்லாமல். மாடியில் தனியாக நின்று சிரித்தேன் என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஆறரைக்குச் சனி தெரிந்தது. வெறும் கண்ணுக்கு மஞ்சள் புள்ளி. குழாயைத் திருப்பி, சிறிய துணைக்குழாயில் அதைப் பிடித்து நடுவுக்குக் கொண்டுவந்து, கண்ணை லென்ஸில் வைக்கும்போது வெளிச்சம் அணைந்தது. மேகம். கையில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

நனைந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பதறிவிட்டேன். கை தானாகத் தண்டுக்குப் போனது, எதிர்எடையைத் திருகிக் கழற்றியது. அது எப்போதும் அவர் செய்யும் வேலை. அவர் அதைச் செய்யும்போது குழாய் ஏற்கெனவே என் கைகளில் இருக்கும். இன்று நான் அவருடைய வேலையைச் செய்தேன். என்னுடைய வேலையைச் செய்ய அங்கே யாரும் இல்லை.

குழாய் சரிந்து வந்து முன்முனையால் என் புருவத்தில் அடித்தது. கீழே விழவில்லை, திருகு பிடித்திருந்தது. டிரைபாட்டின் காலில் இடித்து நின்றது. உட்கார்ந்த இடத்திலிருந்தே முதலில் லென்ஸைப் பார்த்தேன். முழுசாக இருந்தது. லென்ஸுக்கு முன்னால் நீண்டிருக்கும் பனிமூடிதான் நசுங்கியது. அதன்பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன்.

மழையில் அதை எப்படி உள்ளே கொண்டுவந்தேன் என்று எழுத இப்போது தெம்பில்லை.

அக்டோபர் 23, வியாழன்

நான்கு தையல். நிர்மலாவுக்கும் கேட்ட மற்றவர்களுக்கும்: குளியலறைக் கதவு இடித்துவிட்டது.

அக்டோபர் 24, வெள்ளி

இசக்கி மாடிப்படியைக் கழுவினாள். என்னைத் திட்டிக்கொண்டே கழுவினாள் என்பது அவள் தோள் ஆடியதில் தெரிந்தது. திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து, முழங்காலில் கைவைத்து, மெதுவாகச் சொன்னாள்.

"முந்தாநேத்து ராத்திரி எம்புட்டு நேரம் கெடந்திய?"

"கிடக்கல. உட்கார்ந்திருந்தேன்."

"பக்கத்து வீட்டுக்காரி மாடியில இருந்து கூப்புட்டாளாம். கத்திக் கத்திப் பாத்தாளாம். நீங்க திரும்பியே பாக்கலியாம். டீச்சருக்குக் கொழுப்பப் பாத்தியான்னு தெருவுல சொல்லுதா."

கொழுப்பு என்று சொல்லிவிட்டுப் போகட்டும். மற்றதற்கு அது தேவலை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை. அவர் கல்லறைக்குச் செவ்வந்தி வைத்தேன். எழுத்துகளில் தூசி படிந்திருந்தது, பழைய பல் துலக்கியால் தேய்த்தேன்.

எழுந்தபோது தளவாய் நிற்கிறார். அவர் சாமி வேறு. ஆனாலும் போன ஆண்டும் வந்திருந்தார். கையில் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி. என் புருவத்துக் கட்டைப் பார்த்தார். பிறகு பேசினார். சுற்றிலும் கூட்டம், பாட்டுக்காரர்கள் வாய்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவர் மீசை அசைந்தது. நீளமாக அசைந்தது. கடைசியில் நின்று, என் பதிலுக்காகப் பார்த்தார்.

"சரி" என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சரி என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை.

இன்னொரு முறை கேட்டார். நான் தலையை ஆட்டி, "ரொம்ப சந்தோஷம்" என்றேன். அந்த இரண்டு சொற்களும் என் வாயிலிருந்து எவ்வளவு பழக்கமாக வந்தன! தளவாய் மெழுகுவர்த்திகளை ராயப்பன் கல்லறையில் வைத்துவிட்டு, வணக்கம் சொல்லிப் போய்விட்டார்.

ஆட்டோவில் வரும்போது அக்டோபர் முதல் வாரத்துத் தொலைபேசியை நினைத்துப் பார்த்தேன். மணி அடித்ததை இசக்கி சொல்லித்தான் எடுத்தேன். யார் என்று திரையில் பெயர் இருந்தது. அவர் நெடுநேரம் பேசினார். அல்லது பேசியிருக்கவேண்டும்.

இரவு சாப்பிடவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

அழைப்பிதழ் வந்தது. என் பெயர் ராயப்பன் பெயருக்குக் கீழே, எழுத்துப் பிழை இல்லாமல். தளவாய் பொய் சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மழை. மாடியறையில் தரையில் உட்கார்ந்து பனிமூடியின் நசுங்கலை மரக்கட்டை வைத்து உள்ளிருந்து நிமிர்த்திக்கொண்டிருந்தேன். குழாய் மடியில் குறுக்கே கிடந்தது. இரண்டு கையும் அதன் மேல். திடீரென்று உள்ளங்கையில் டக் டக் என்று இரண்டு அடி. திரும்பினால் இசக்கி. பெருக்கும்போது விளக்குமாற்றுக் கட்டை குழாயின் மறுமுனையில் பட்டிருக்கிறது.

"ஐயோ, தெரியாமப் பட்டுட்டும்மா."

"இன்னொரு தடவ தட்டு."

"என்னது?"

"விரலால தட்டு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தட்டினாள். வந்தது. மெதுவாகத் தட்டச் சொன்னேன், அதுவும் வந்தது. கன்னத்தைப் பித்தளையில் வைத்துக்கொண்டேன். எலும்பு வரைக்கும் தெளிவாக வந்தது. யார் சொன்னதும் இவ்வளவு தெளிவாக என்னிடம் வந்து பல நாளாகிறது. இசக்கி தட்டிக்கொண்டே இருந்தாள். நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நான்காவதை இசக்கியிடம் கொடுத்தனுப்பினேன். அதன் நகல்:

திரு. தளவாய் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபரில் நீங்கள் தொலைபேசியில் கேட்டபோது நான் சரி என்றும் சந்தோஷம் என்றும் சொன்னேன். நீங்கள் அறிவித்ததில் தவறு இல்லை. கமிட்டியிடம் இதை வாசித்துக் காட்டலாம்.

நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. எனக்குக் காது கேட்பதில்லை. வலது காது ஐந்தாறு ஆண்டுகளாக, இடது காது ராயப்பன் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக. அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்தார். மற்றவர்களிடம் நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு மரியாதையான காரணம் எதுவும் இல்லை.

தொலைநோக்கியைப் பதினாறாம் தேதி கொடுக்க என்னால் முடியாது. என் 'சரி'யை நம்பி அச்சான அழைப்பிதழ்களுக்கு நானே பொறுப்பு, விழாவுக்கு வந்து அனைவர் முன்னிலையிலும் அப்படியே சொல்கிறேன்.

மாதக் கடைசியில் வளையம் கோடாகும். உங்கள் வாளியிலும் தெரியும். ஆனால் நான் என் லென்ஸில் பார்க்க விரும்புகிறேன். குழாயை ஏற்ற ஓர் ஆள் வேண்டும். என் புருவத்தில் இருப்பது கதவு இடித்த காயம் அல்ல. எதிர்எடையை முதலில் கழற்றினேன். சங்கத்தில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இருபதாம் தேதியிலிருந்து வானம் விடும் மாலைகளில் நீங்கள் வரமுடியுமா? நான் தாங்குவேன், நீங்கள் திருகை இறுக்கவேண்டும். வாயால் எதுவும் சொல்ல வேண்டாம். இறுகியதும் குழாயில் விரலால் இரண்டு முறை தட்டுங்கள், எனக்குத் தெரியும். தட்டும்வரை கையை எடுக்கமாட்டேன்.

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். மணி அடித்து நிற்கவும் வேண்டாம். வருவீர்களா, மாட்டீர்களா என்று ஒரு தாளில் எழுதி இசக்கியிடம் கொடுங்கள். கல்லறைத் தோட்டத்தில் அன்று நீங்கள் என்னிடம் இரண்டு முறை கேட்டது என்ன என்பதையும் தயவுசெய்து அதிலேயே எழுதி அனுப்புங்கள்.